எழுத்தாளனுக்குப் பொன்னாடை வேண்டாம், பாடம் வேண்டும்



நம் ஊர்களில் ஒரு நூல் வெளியீட்டு விழா எவ்வாறு நிகழ்கிறது என்பதை நாம் அனைவரும் அறிவோம். கிராஅத் ஓதப்படும். வரவேற்புரை நிகழும். ஜமாஅத் தலைவர் முதற்படியை வெளியிட, ஊரின் செல்வந்தர் ஒருவர் பெற்றுக்கொள்வார். நூலாசிரியரின் தோளில் பொன்னாடை விழும். வாழ்த்துரை வழங்குவோரில் பலர் அந்நூலை விரித்தும் பார்த்திருக்க மாட்டார்கள். ஆயினும் கம்பனும் உமறும் ஒருசேர வந்துவிட்டதாகப் புகழ்வார்கள். துஆ ஓதப்படும். பிரியாணி பரிமாறப்படும். மறுநாள் அந்த எழுத்தாளர் தனித்து விடப்படுவார். அந்நூலில் எது நன்று, எது பிழை, அடுத்த நூலை எவ்வாறு எழுத வேண்டும் என்று அவருக்குச் சொல்ல ஒருவரும் இல்லை. அவரும் கேட்பதில்லை. பத்தாண்டுகள் கழித்து அவருடைய ஐந்தாம் நூல் வெளிவரும்போது அது முதல் நூலைப் போலவே இருக்கும். பொன்னாடைகளின் எண்ணிக்கை மட்டும் கூடியிருக்கும்.

இதைத்தான் எழுத்துக்கும் கலைக்கும் நாம் செய்யும் தொண்டு என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம். இது தொண்டு அன்று. ஒருவனைக் கற்கவிடாமல் நிறுத்தி வைப்பதற்கு நாம் கண்டுபிடித்துள்ள மிக மரியாதையான வழி இது.

ஒரு மருத்துவர் பட்டம் பெற்றபின் படிப்பதை நிறுத்திவிட்டார் என்று தெரிந்தால் அவரிடம் நம் குழந்தையை அழைத்துச் செல்வோமா? குர்ஆனை மனனம் செய்து முடித்த ஹாஃபிழ், பட்டம் பெற்ற நாளோடு ஓதுவதை விட்டுவிட்டால் ரமளானில் அவரைத் தராவீஹ் தொழுகைக்கு முன்னிறுத்துவோமா? தையற்காரர் புதிய வெட்டுமுறை பழக வேண்டும் என்கிறோம். கணக்காளர் புதிய வரிச்சட்டம் படிக்க வேண்டும் என்கிறோம். எழுதுகிறவருக்கும் வரைகிறவருக்கும் மட்டும் இந்த விதி பொருந்தாது என்று நமக்கு யார் சொன்னது?

"திறமை அல்லாஹ் கொடுத்தது, அதற்குப் பாடம் எதற்கு?"

இந்தக் கேள்வி பணிவாகத் தோன்றும். உண்மையில் இது சோம்பலுக்குப் போர்த்திய பணிவு. குரலும் அல்லாஹ் கொடுத்ததே. எனினும் தஜ்வீத் கற்காமல் ஓதலாம் என்று எந்த ஆலிமும் சொல்வதில்லை. நிலம் அல்லாஹ் கொடுத்தது. உழாமல் விளையும் என்று எந்த விவசாயியும் நம்புவதில்லை. கொடுக்கப்பட்ட பொருள் அமானிதம். அமானிதத்தைப் பெட்டியில் பூட்டித் துருப்பிடிக்கவிடுபவன் அதைக் காத்தவன் ஆகமாட்டான்.

நம் மார்க்கத்தின் முதல் வஹீ ஓதுமாறு கட்டளையிட்டது. எழுதுகோலைக்கொண்டு கற்பித்த இறைவனை அறிமுகம் செய்தது (அல்குர்ஆன் 96:1-5). மற்றொரு அத்தியாயம் எழுதுகோலின் மீதே சத்தியமிட்டுத் தொடங்குகிறது (68:1). கல்வியை அதிகமாக்கித் தருமாறு வேண்டும்படி அல்லாஹ் தன் தூதருக்கே கற்றுக்கொடுத்தான் (20:114). தவ்ராத் அருளப்பெற்ற மூஸா (அலை) அவர்கள், தாம் அறியாததை அறிந்த ஓர் அடியாரைத் தேடி இரு கடல்கள் சங்கமிக்கும் இடம்வரை நடந்தார்கள் (18:60-82). நபிமார்களுக்கே கற்றல் முடிந்துவிடவில்லை. ஒரு கவிதைத் தொகுதி வெளியிட்டவருக்கு மட்டும் எப்படி முடிந்துவிடும்?

கவிஞரை மாணவராக அனுப்பிய நபி (ஸல்)

ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெறும் ஒரு செய்தி, இந்த விவாதம் முழுவதற்கும் விடை தருகிறது. குறைஷியரின் வசைக் கவிதைகளுக்குப் பதில் தர ஹஸ்ஸான் இப்னு ஸாபித் (ரலி) முன்வந்தார்கள். அப்போது அவர்கள் கற்றுக்குட்டி அல்லர். இஸ்லாத்துக்கு முன்பே அரபு மண்ணில் பேர்பெற்ற, வயது முதிர்ந்த கவிஞர். நபி (ஸல்) அவர்கள் அவரை உடனே பாடச் சொல்லவில்லை. அவசரப்பட வேண்டாம் என்றார்கள். குறைஷியரின் வமிசாவளியை நன்கு அறிந்தவர் அபூபக்ர் (ரலி). அந்த வமிசத்தில் தாமும் இருப்பதால், தம்மை அதிலிருந்து பிரித்தறியும் பாடத்தை அவரிடம் சென்று கற்றுவருமாறு பணித்தார்கள். ஹஸ்ஸான் (ரலி) சென்று கற்றார்கள். திரும்பி வந்தபின்னரே பாடினார்கள்.

இங்கே சற்று நின்று சிந்திப்போம். பாடத் தெரிந்த கவிஞருக்கு எதைப் பற்றிப் பாடுகிறோம் என்ற அறிவு போதவில்லை. அந்தக் குறையை நபி (ஸல்) அவர்கள் சுட்டினார்கள். ஆசிரியர் யார் என்பதையும் சொன்னார்கள். கற்று முடிக்கும்வரை காத்திருந்தார்கள். பின்னர் அதே கவிஞருக்குப் பள்ளிவாசலில் மிம்பர் அமைத்துக்கொடுத்தார்கள் என்று ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. முதலில் பாடம், பிறகு மிம்பர். நாம் இந்த வரிசையைத் தலைகீழாக்கி, மேடையை முதலில் கொடுக்கிறோம். பாடத்தை ஒருபோதும் கொடுப்பதில்லை.

ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களின் வரலாறும் இதையே சொல்கிறது. வஹீயை எழுதும் பேறு பெற்ற எழுத்தர் அவர். யூதர்களுக்கு எழுதவும் அவர்களிடமிருந்து வரும் கடிதங்களைப் படிக்கவும் அவர்களுடைய எழுத்தைக் கற்றுக்கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்கள். சுமார் அரை மாதத்தில் அதைக் கற்றதாக அவரே அறிவிப்பது திர்மிதீயில் உள்ளது. இறைவாக்கை எழுதிய கைக்கே இன்னொரு பாடம் தேவைப்பட்டது.

உமறும் உஸ்மானும்

நம் இலக்கியத்தின் தலைமகனை எடுத்துக்கொள்வோம். உமறுப் புலவர் எட்டயபுரம் அரசவைப் புலவர் கடிகைமுத்துப் புலவரிடம் தமிழ் பயின்றவர். தாமும் அவ்வவையில் அமர்ந்தவர். 5000-க்கும் மேற்பட்ட பாடல்களில் சீறாப்புராணத்தைப் பாடத் துணிந்தபோது அவருக்குத் தமிழ் குறைவாக இருக்கவில்லை. நபிகளாரின் வரலாற்றறிவு குறைவாக இருந்தது. அதற்காக அவர் சதக்கத்துல்லாஹ் அப்பா (ரஹ்) அவர்களை நாடிச் சென்றார் என்பதும், முதலில் மறுக்கப்பட்டுப் பின்னரே அந்தக் கல்வியைப் பெற்றார் என்பதும் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. கீழக்கரை வள்ளல் சீதக்காதி அதற்குத் துணைநின்றார். பின்னர் பரங்கிப்பேட்டை அபுல்காசிம் மரைக்காயர் அப்பணியைத் தாங்கினார்.

அரசவைப் புலவர் ஒருவர் மீண்டும் மாணவராகிறார். ஓர் ஆலிம் அவருக்கு ஆசிரியராகிறார். வணிகர் இருவர் செலவைத் தாங்குகிறார்கள். தொடர்கல்வி என்று இன்று உலகம் எதைச் சொல்கிறதோ அது 17-ஆம் நூற்றாண்டிலேயே நம் கடற்கரை ஊர்களில் நடந்திருக்கிறது. சீதக்காதி பெயரைச் சொல்லிப் பெருமை பேசும் நாம், அவர் புலவரின் தோளில் துணியைப் போர்த்தி அனுப்பிவிடவில்லை என்பதை மறந்துவிட்டோம்.

ஏறக்குறைய அதே காலத்தில் இஸ்தான்புல்லில் வாழ்ந்தவர் ஹாஃபிழ் உஸ்மான். அரபு எழுத்தணிக் கலையில் 18 வயதிலேயே இஜாஸா பெற்றவர், 1698-இல் மறைந்தவர். அக்கலையில் ஒரு மாணவன் முதலில், காரியத்தை எளிதாக்கி நலமாக நிறைவுசெய்யுமாறு இறைவனை வேண்டும் துஆவை எழுதிப் பழகுவான். பிறகு தனி எழுத்துகள், பிறகு இரண்டிரண்டாக இணைந்த எழுத்துகள், அதன்பின் சொற்றொடர்கள். ஒவ்வொரு வாரமும் எழுதியதை ஆசிரியரிடம் கொண்டுசெல்வான். அவர் பிழையான வளைவின் கீழே சரியான வளைவை எழுதித் திருத்துவார். இவ்வாறு ஆண்டுகள் கழிந்தபின்னரே தன் எழுத்தின் கீழ்த் தன் பெயரை இடும் அனுமதி கிடைக்கும். அந்த அனுமதியை இளமையிலேயே பெற்றுவிட்ட ஹாஃபிழ் உஸ்மான், பழைய மேதை ஷேக் ஹம்துல்லாஹ்வின் பாணியை அறிய விரும்பி, அதை அறிந்த வேறோர் ஆசிரியரிடம் சென்று மீண்டும் தனி எழுத்திலிருந்தே தொடங்கினார். அந்தப் பணிவுதான் அவரைப் பின்வந்த தலைமுறைகளுக்கு இமாம் போன்றவராக ஆக்கியது. நம்மில் நூல் வெளியிட்ட எத்தனை பேர், மீண்டும் 'அலிஃப்' எழுத ஓர் ஆசிரியரின் முன் அமர்வார்கள்?

வீட்டில் தொடங்கும் தடை

பழியை மேடைகளின் மீது மட்டும் போடுவது நியாயம் அன்று. தடை நம் வீட்டுக் கூடத்திலேயே தொடங்குகிறது. பொறியியல் பயிற்சி வகுப்புக்கு நகையை அடகுவைத்தேனும் பணம் கட்டுகிறோம். மகன் ஓர் ஓவியப் பயிற்சிக்கோ மொழிபெயர்ப்புப் பட்டறைக்கோ சில ஆயிரம் ரூபாய் கேட்டால், "சோறு போடுமா?" என்று கேட்கிறோம். அது பொறுப்புள்ள கேள்விதான். ரிஸ்க்கைக் குறித்த அச்சம் பெற்றோருக்கு இயல்பு. அதை நாம் ஏளனம் செய்யவில்லை. ஆனால் கேள்வியைக் கேட்டுவிட்டு விடையை வரவிடாமல் தடுப்பது நாமே. கற்காத கலை சோறு போடாது. கற்க வாய்ப்பளிக்காமல் இருந்துவிட்டு, "பார்த்தாயா, சோறு போடவில்லை" என்று நாமே தீர்ப்பும் எழுதுகிறோம்.

எழுத்தை நம்பித் தொழிலை விடுங்கள் என்று நாம் எவருக்கும் அறிவுரை கூறவில்லை. தேங்காப்பட்டணத்தில் பிறந்த தோப்பில் முஹம்மது மீரான் மலையாளத்தில் கல்வி கற்றவர். வணிகம் செய்து குடும்பத்தைக் காத்தவர். தமக்குப் பள்ளி தராத மொழியில் எழுதும் ஆற்றலைத் தம் உழைப்பால் ஈட்டி, 1997-இல் 'சாய்வு நாற்காலி' நாவலுக்காகச் சாகித்திய அகாதமி விருது பெற்றார். தொழிலும் இருந்தது, கற்றலும் தொடர்ந்தது. ஒன்றுக்காக மற்றொன்றைக் கொல்ல வேண்டியதில்லை. மகனுக்கும் மகளுக்கும் வாரத்தில் சில மணிநேரத்தையும், ஓர் ஆசிரியரையும், கொஞ்சம் பொறுமையையும் தந்தால் போதும், குடும்பம் மூழ்கிவிடாது.

நம் பெண்களின் நிலை இதனினும் துயரமானது. நாகூர் சித்தி ஜுனைதா பேகம் மூன்றாம் வகுப்புவரையே பள்ளி சென்றவர், 1938-இல் 'காதலா கடமையா' நாவலை வெளியிட்டார், உ.வே.சாமிநாதையர் அதற்கு மதிப்புரை வழங்கினார். இதைச் சொல்லிச் சொல்லி நாம் பெருமைப்படுகிறோம். பெருமைப்படுவதற்கு முன் வெட்கப்பட வேண்டும். மூன்றாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவர் இவ்வளவு செய்தார் என்றால், தொடர்ந்து கற்கும் வாய்ப்பு இருந்திருந்தால் எவ்வளவு செய்திருப்பார்? அவரைப் போன்றே தொடங்கி, அவருக்கு வாய்த்த அந்த ஒரு கதவும் திறவாமல் நின்றுபோனவர்கள் எத்தனை பேர்? கல்லூரியில் கதை எழுதிப் பரிசு பெற்ற பெண், நிக்காஹ்வுக்குப் பின் தன் குறிப்பேட்டைப் பரணில் ஏற்றிவிடுகிறாள். "எழுதாதே" என்று எவரும் சொல்லியிருக்க மாட்டார்கள். எழுத ஓர் இடமும், கேட்க ஓர் ஆளும், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒரு மணிநேரமும் எவரும் தந்திருக்கவும் மாட்டார்கள்.

"ஒரு போஸ்டர்தானே தம்பி?"

மற்றொரு தீமையையும் மறைக்காமல் பேசுவோம். மீலாது விழாவுக்குச் சுவரொட்டி வேண்டும்; மதரஸா ஆண்டுவிழாவுக்கு மலர் வேண்டும்; ஜமாஅத் நூற்றாண்டுக்கு வரலாறு எழுத வேண்டும். பந்தல்காரருக்குப் பணம் தருகிறோம், ஒலிபெருக்கிக்காரருக்குத் தருகிறோம், சமையற்காரருக்கு முன்பணமே தருகிறோம். வடிவமைத்த இளைஞனுக்கும் எழுதிக்கொடுத்தவருக்கும் மட்டும் "நன்மை கிடைக்கும்" என்கிறோம். "ஒரு போஸ்டர்தானே தம்பி, பத்து நிமிட வேலை" என்கிறோம். அந்தப் பத்து நிமிடத்துக்குப் பின்னால் பத்தாண்டுப் பழக்கம் இருப்பதை நாம் காண்பதில்லை.

உழைப்பாளியின் வியர்வை உலர்வதற்குமுன் அவன் கூலியைக் கொடுத்துவிடுமாறு நபி (ஸல்) அவர்கள் கற்பித்ததை மிம்பரில் கேட்கிறோம். வடிவமைப்பாளன் குளிரூட்டிய அறையில் இருப்பதால் அவனுக்கு வியர்ப்பதில்லை என்று கருதிவிட்டோம் போலும். அவர் தாமாக முன்வந்து செய்தால் அது ஸதகா; நாம் உரிமையோடு பறித்தால் அது ஸதகா ஆகாது. கூலி கிடைக்காதவனால் அடுத்த பயிற்சிக்குக் கட்டணம் கட்ட இயலாது. நூல் வாங்க இயலாது. நல்ல மென்பொருள் வாங்க இயலாது. ஆகவே அவன் வேலை தரம் உயர்வதில்லை. தரம் இல்லை என்று கூறிச் செல்வந்தர்கள் வெளியே அதிகக் கட்டணம் கொடுத்துச் செய்துகொள்கிறார்கள். இந்த வட்டத்தை வரைந்தவர்கள் நாமே.

"மார்க்கம் அனுமதிக்கிறதா?"

இக்கேள்வியைத் தவிர்த்துவிட்டுச் செல்வது நேர்மை ஆகாது. கவிஞர்களைக் கண்டிக்கும் வசனங்களை எடுத்துக்காட்டுவோர், நம்பிக்கை கொண்டு நற்செயல் புரிவோருக்கு அதே இடத்தில் வழங்கப்பட்ட விதிவிலக்கையும் படிக்க வேண்டும் (26:224-227). கவிதையில் ஞானம் உண்டு என்ற கருத்து புகாரீயில் உள்ளது. உயிருள்ளவற்றின் உருவம் வரைவது குறித்து உலமாக்களிடையே நெடுங்காலமாக ஆய்வும் கருத்து வேறுபாடும் உள்ளன. அந்த எச்சரிக்கையை நாம் மதிக்கிறோம். ஆனால் அந்த ஒரு கேள்வியைச் சுட்டி எழுத்தணி, நூல் வடிவமைப்பு, எழுத்துரு உருவாக்கம், கட்டட வரைவு, வடிவியல் அலங்காரம், நிலப்படம், அறிவியல் விளக்கப்படம் ஆகிய அனைத்துக்கும் கதவடைப்பது எந்த ஃபிக்ஹு நூலில் உள்ளது?

ஐயம் இருக்கும் இடத்தில்தான் கல்வி மிகுதியாகத் தேவைப்படுகிறது. நம் கலைஞன் தன் தொழிலின் ஹலால் ஹராமைக் கற்க வேண்டும். நம் ஆலிம் அந்தக் கலைஞனின் மேசையில் இன்று என்ன நடக்கிறது என்பதைக் கேட்டறிய வேண்டும். சதக்கத்துல்லாஹ் அப்பாவிடம் உமறு சென்றதுபோல இருவரும் ஒரே பாயில் அமர வேண்டும். அமராவிடில் ஆலிம் ஒருபுறமும் இளைஞன் மறுபுறமும் போய்விடுவார்கள். பலர் ஏற்கெனவே போய்விட்டனர். தங்கள் கலையைப் பற்றிப் பள்ளிவாசலில் பேச முடியாது என்று கண்டு, பள்ளிவாசலைப் பற்றித் தங்கள் கலையில் பேசுவதையும் விட்டுவிட்டனர்.

"இப்போது இயந்திரமே எழுதுகிறதே, இனி எதற்குக் கற்க வேண்டும்?" என்போரும் உளர். இயந்திரம் நொடியில் ஒரு பக்கம் எழுதலாம். ஒரு படமும் வரையலாம். அந்தப் பக்கத்தில் நம் வழக்கு பிழையாக வந்திருப்பதையும், அந்தப் படத்தில் அரபு எழுத்து சிதைந்திருப்பதையும் கண்டுபிடிக்கக் கற்ற கண் வேண்டும். கல்லாதவன் கையில் அது பிழையை விரைவாகப் பெருக்கும்.

என்ன கற்க வேண்டும்?

எழுத வந்தவர் மொழியைக் கற்றுக்கொண்டே இருக்க வேண்டும். சந்தியும் சொல்லாட்சியும் ஒரு வாழ்நாள் பாடம். பிறர் எழுத்தைச் செம்மையாக்கும் பதிப்புத் தொழில் தனியொரு கலை. நம் இதழ்களுக்கும் பதிப்பகங்களுக்கும் அது உடனடித் தேவை. மொழிபெயர்ப்பு மற்றொன்று. அரபுத்தமிழைச் சிறப்பாகக் குறிப்பிட வேண்டும். நம் பாட்டிமார் ஓதிய கிதாபுகள் அரபு எழுத்தில் அமைந்த தமிழ். அவற்றைப் படிக்கத் தெரிந்தோர் குறைந்துவருகின்றனர். நம் வரலாற்றை எழுதப் புகும் ஓர் எழுத்தாளர் அந்த எழுத்தை அறியாதிருப்பது, பூட்டிய வீட்டின் வாசலில் நின்று உள்ளே இருப்பதை வருணிப்பதற்கு ஒப்பாகும்.

தொழில் அறிவும் கல்வியே. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. அதன்படி ஓர் எழுத்தாளரின் நூலுரிமை அவர் வாழ்நாள் முழுவதும், மறைவுக்குப் பின் 60 ஆண்டுகளும் நீடிக்கிறது. அது பிள்ளைகளுக்குச் சேரும் சொத்து. உரிமையைப் பிறருக்கு மாற்றித்தருவது எழுத்து வடிவில்தான் செல்லும். எத்தனை ஆண்டுக்கு என்று ஒப்பந்தத்தில் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றே சட்டம் கொள்ளும். எந்த நிலப்பரப்புக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்று கொள்ளும். உரிமையை விற்றபின்னும் 'இது என் படைப்பு' என்று கூறும் உரிமை படைப்பாளியிடமே இருக்கிறது. கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்குமாறு குர்ஆனின் மிக நீண்ட வசனமே கட்டளையிடுகிறது (2:282). அந்த வசனத்தை ஓதும் நாம், கையெழுத்துப் பிரதியை வாய்ச்சொல்லை நம்பிக் கொடுத்துவிட்டுப் பிறகு அழுகிறோம்.

யார் செய்ய வேண்டும்?

இதற்கான கட்டடங்களை நம் முன்னோர் கட்டிவைத்துவிட்டார்கள். வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி இருக்கிறது. திருச்சி ஜமால் முஹம்மது கல்லூரியும் சென்னை புதுக்கல்லூரியும் 1951-இல் எழுந்தன. பாளையங்கோட்டையில் சதக்கத்துல்லாஹ் அப்பாவின் பெயரிலேயே கல்லூரி உள்ளது. கவிக்கோ அப்துல் ரகுமான் வாணியம்பாடியில் பேராசிரியராக இருந்துகொண்டே கவிதை வளர்த்தவர். இத்தகைய இடங்களில் வார இறுதியில், வயது வரம்பின்றி, வேலைக்குச் செல்வோரும் இல்லத்தரசிகளும் வந்து அமரக்கூடிய வகுப்புகளை நடத்தலாம். பதிப்புக் கலை, மொழிபெயர்ப்பு, அரபுத்தமிழ், எழுத்தணி, ஒப்பந்தம் படிப்பது ஆகியவை ஒவ்வொன்றும் மூன்று மாதப் பாடமாக அமையலாம். முன்னாள் மாணவர் சங்கங்கள் மனம்வைத்தால் இதற்குப் பெருஞ்செலவு ஆகாது.

மஹல்லா அளவில் மாதம் ஒருமுறை ஒரு வாசிப்பு மஜ்லிஸ் போதும். ஒருவர் தம் படைப்பைப் படிக்க வேண்டும். மற்றவர்கள் புகழாமல் குறைகளைச் சொல்ல வேண்டும். பெண்களுக்குத் தனி இடமும் அவர்களுக்கு ஏற்ற நேரமும் வேண்டும். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள அருகிலேயே ஓர் அறையும் வேண்டும்.

செல்வந்தர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒரு வெளியீட்டு விழாவின் பந்தல், உணவு, பொன்னாடை ஆகியவற்றுக்கு ஆகும் தொகையைக் கூட்டிப் பாருங்கள். அதைக்கொண்டு ஓர் இளம் எழுத்தாளருக்கோ ஓவியருக்கோ பயிற்சிக் கட்டணமும் நூல்களும் பயணச்செலவும் வழங்க இயலும். ஜகாத்துக்குரியவர் யார் என்பதை உலமாக்கள் தீர்மானிக்கட்டும். ஸதகாவுக்கும் வக்ஃபுக்கும் இந்த வாசல் திறந்தே உள்ளது. மனிதன் இறந்தபின்னும் தொடரும் நன்மைகளில் பயன்தரும் கல்வியும் ஒன்று என்பதை நாம் அறிவோம். நல்ல நூல் ஒன்று உருவாகக் காரணமானவருக்கு, அது படிக்கப்படும் காலமெல்லாம் அந்த நன்மையில் பங்கு கிடைக்கும் என்று அல்லாஹ்விடம் ஆதரவு வைக்கிறோம்.

இறுதியாக எழுதுகிறவர்களிடமும் வரைகிறவர்களிடமும் கடுமையாக ஒரு சொல். சமுதாயம் ஆதரிக்கவில்லை என்ற முறையீடு உண்மையே. ஆனால் அந்த முறையீட்டின் நிழலில் நாம் நெடுநேரம் உறங்கிவிட்டோம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் நூலகம் கட்டணமின்றித் திறந்திருக்கிறது. சென்னையிலும் மதுரையிலும் பெரும் நூலகங்கள் நிற்கின்றன. கடந்த ஆண்டு நம் துறையில் நாம் புதிதாகக் கற்றது என்ன? நம் எழுத்தைத் திருத்திய ஒருவருக்கு நன்றி சொன்னோமா, அல்லது அவரோடு பேச்சை நிறுத்திக்கொண்டோமா? முதுமையிலும் மைக்கூட்டைச் சுமந்து திரிவது ஏன் என்று கேட்கப்பட்டபோது, மண்ணறை செல்லும்வரை அது தம்மோடு இருக்கும் என்ற கருத்தில் விடையளித்தார்கள் இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் (ரஹ்). அவர்களுக்கு இருந்த கல்வியில் ஒரு துளியும் இல்லாத நாம், மைக்கூட்டை எந்த மேடையில் மறந்து வைத்துவிட்டு வந்தோம்?

நம் வாழ்வை நாம் நன்றாக எழுதாவிட்டால் பிறர் எழுதுவார்கள். எழுதிக்கொண்டும் இருக்கிறார்கள். திரையிலும் செய்தியிலும் நம்மைப் பற்றி வரும் பொய்யைக் கண்டு சினம் கொள்கிறோம். கண்டன அறிக்கை விடுகிறோம். கண்டனத்தை ஒரு நாளில் எழுதிவிடலாம். நம் வீட்டு நோன்புக் கஞ்சியின் மணத்தையும், வாப்பாவின் கபுரில் நின்று மகன் கேட்கும் துஆவையும், வெளிநாட்டில் உழைப்பவனின் தனிமையையும் எந்த வாசகரும் மறுக்க முடியாதவாறு எழுதும் கையை உருவாக்க இருபது ஆண்டுகள் ஆகும். ஹஸ்ஸான் (ரலி) அவர்களுக்கு ஓர் அபூபக்ர் (ரலி) இருந்தார்கள். நம் பிள்ளைகளுக்கு அந்த இடத்தில் யாரை அமர்த்தியிருக்கிறோம் என்பதே நாளை மறுமையில் நம்மிடம் கேட்கப்படக்கூடிய கேள்வி.

அடுத்த விழாவுக்கு அழைப்பு வரும்போது பொன்னாடைக் கடைக்குச் செல்லும் முன், அந்த எழுத்தாளரின் வீட்டுக்குச் சென்று, "அடுத்து நீங்கள் என்ன கற்க விரும்புகிறீர்கள்? அதற்கு நாங்கள் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்போம். அந்தக் கேள்வியிலிருந்து தொடங்குவோம், இன்ஷா அல்லாஹ்.

யா அல்லாஹ்! எங்கள் கல்வியை அதிகமாக்குவாயாக. எங்கள் எழுதுகோல்களை உண்மையின் மீது நிலைக்கச் செய்வாயாக. கற்பவருக்குப் பணிவையும் கற்பிப்பவருக்குப் பொறுமையையும் கொடுப்பவருக்கு பரக்கத்தையும் அருள்வாயாக. ஆமீன்.